ரங்கதுரையின் குரல்

கெட்டவனை வாசிக்கத்தான் தம் வேணும் என்பாள் மதினி. நல்லவனை எவள் வேண்டுமானாலும் வாசித்துவிடலாமாம். “அவன் என்ன சொல்லுவான்னு உனக்கே தெரியும்லா, பெறகு என்னத்த வாசிக்க?” என்பாள். கதாநாயகன் பேசுகிற இடங்களையெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போவாள். வில்லன் வந்தானோ, போச்சு. நிறுத்துவாள். செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொள்வாள். நாங்கள் இங்கே ஒருத்தியை ஒருத்தி நெருக்கி உட்கார்ந்துகொள்வோம்.

இது அறுபதுகளின் நடுவில். கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்து சேர்ந்த புதிது. என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. நாங்கள் இருந்த சாலில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள கட்டடம் அது, பாதிக்குப் பாதி திருநெல்வேலிப் பக்கத்துச் சனம்தான். மதினி எனக்குச் சொந்த மதினி இல்லை. அவள் புருஷனை இவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டார், அதனால் அவள் எனக்கு மதினி ஆனாள். பிறகு பார்த்தால் சாலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவள் மதினிதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு மாட்டுங்காவில் ரயில்வே பட்டறையில் வேலை. வாரப் பத்திரிகை மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்து மாட்டுங்கா ஸ்டேஷன் கடையில் தொங்குவதற்குள், ஊரில் அதை எடைக்கே போட்டிருப்பார்கள். எங்களுக்கு அதுதான் சுடச்சுட. அண்ணாச்சி சாப்பாட்டுத் தூக்கோடு அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். மறுநாள் மத்தியானம், ஆம்பிளைகள் வேலைக்குப் போய், குழாயிலும் தண்ணீர் நின்ற பிறகு, மதினி வீட்டுக்கு முன்னால் வராந்தாவில் ஆளுக்கொரு சுளகோடு உட்கார்ந்துவிடுவோம். ரேஷன் அரிசியில் கல் பொறுக்க என்று பேர்.

கல் எங்கே பொறுக்கினோம்! ரங்கதுரை வந்தால் கை அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு ராத்திரி சோற்றில் நறநறவென்று கடிபடும். என் வீட்டுக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு ரங்கதுரை வந்துட்டான் போலுக்கே?” என்பார். வேறு புருஷனாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பான்.

ரங்கதுரை அந்தத் தொடர்கதையில் வருகிற வில்லன். கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. முத்தையா என்று ஒரு நல்லவன், நிற்கவைத்துச் சூடம் காட்டலாம், அப்படி ஒரு நல்லவன். வசந்தி என்று ஒருத்தி, காற்று அடித்தாலும் அழுவாள். முத்தையாவின் பங்காளி இந்த ரங்கதுரை. சொத்துக்காகவும் வசந்திக்காகவும் அந்தக் குடும்பத்தையே கருவறுக்கப் பார்க்கிறான். வேறு யாராவது வாசித்திருந்தால் நாலு வாரத்தில் மறந்து போயிருப்போம்.

மதினியின் ரங்கதுரை சத்தம் போட மாட்டான். அதுதான் விஷயம். எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் ‘ஹா ஹா ஹா’ என்று அவனைச் சிரிக்க வைத்திருப்பார், பல்லை நறநறக்க வைத்திருப்பார். மதினி அதையெல்லாம் வாசிக்கவே மாட்டாள், தாண்டிப் போய்விடுவாள். ஒருநாள் நான் எட்டிப் பார்த்துவிட்டு, “மதினி, இங்கன சிரிக்கான்னு போட்டிருக்கே” என்றேன். நான் மூன்றாம் வகுப்பு, எழுத்துக் கூட்டுவேன்.

“போட்டிருப்பாரு. அவருக்குக் கெட்டவனைத் தெரியல” என்றாள். “ஹா ஹான்னு சிரிக்கவன் எவனும் இதுவரைக்கும் எவன் குடியையும் கெடுத்ததில்லட்டி. சிரிச்ச உடனே நாம உசாராயிருவோம்லா?”

அவளுடைய ரங்கதுரை மெதுவாகப் பேசுவான். மூக்கிலிருந்து கொஞ்சம், தொண்டையிலிருந்து கொஞ்சம். பாயசத்தில் வெல்லம் கூடிப்போன மாதிரி ஒரு குரல். “பதறாதே கண்ணு... எல்லாம் உன் நல்லதுக்குத்தான்...” அந்தக் ‘கண்ணு’வை அவள் இழுக்கிற இழுப்பில் பக்கத்தில் இருக்கிறவள் தொடையைப் பிடித்துக்கொள்வோம். எனக்கு அடுத்த வீட்டுப் பேச்சி இரண்டு கையையும் சேர்த்து நெட்டி முறிப்பாள். “கட்டைல போவான், வாயில புழு வைக்க!” என்பாள். மதினி பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல், “முழுசாக் கேட்டுட்டு வையி” என்பாள். பாதியில் வைதால் அவளுக்குப் பிடிக்காது.

படத்தை முதலில் காட்டவும் மாட்டாள், உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். வாசித்து முடித்த பிறகுதான் பத்திரிகை கைமாறும். அதற்குள் எங்களுக்கு ரங்கதுரை யார் என்று தெரிந்திருக்கும். படத்தைப் பார்க்கும்போது, ஆமாம், இவனேதான் என்றிருக்கும்.

இத்தனைக்கும் அவள் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? குழாயடியில் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அங்கே நாங்கள் போடுகிற சண்டையில் குடம் நசுங்கும், முடி கையோடு வரும். இந்தியில் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். மதினியின் குடத்தை எவளாவது காலால் பின்னுக்குத் தள்ளுவாள். மதினி பேசாமல் நிற்பாள். சில நாள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போவாள். இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சி உண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். நல்ல கறுப்பு, கட்டை குட்டையான உடம்பு. “நாடகம்னா எனக்கு வருசா வருசம் அசுரன் வேசம்தான்” என்று ஒரு தடவை சொன்னாள். “ராணி வேசம் கேட்டேன். உனக்கு எதுக்குன்னு சிஸ்டரு சிரிச்சுட்டாக.” இதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

எங்கள் சாலுக்குப் பின்பக்க ரோட்டில் ஒரு மராட்டி டாக்டரின் தவாகானா இருந்தது. கைராசிக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கோ இந்தி சண்டை போடுகிற அளவுக்குத்தான் தெரியும், வயிற்றுவலியை விளக்கிச் சொல்கிற அளவுக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நாக்கு கம்பவுண்டர்தான். பழைய கம்பவுண்டர் ஊரோடு போய்விட, அந்த வருஷம் புதிதாக ஒருத்தர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பையன். வெள்ளைச் சட்டை, வழவழவென்று நடுவகிடு, பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மீசை. கண்ணாடிப் பாட்டிலில் ரோஸ் நிற மிக்ஸரை ஊற்றி, பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டி, ஒரு ஆட்டு ஆட்டிக் கையில் கொடுப்பார்.

“இவனை எங்கனயோ பாத்திருக்கேன்” என்றாள் பேச்சி முதல் நாளே. அடுத்த வாரப் பத்திரிகை வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். படத்தில் ரங்கதுரைக்கும் அதே நடுவகிடு, அதே மீசை. படம் போடுகிறவருக்கு வில்லன் என்றால் அந்த மீசைதான் வரும் போலிருக்கிறது, அதற்கு அந்தப் பையன் என்ன செய்வான்? அவர் சைக்கிளில் போகும்போது பேச்சி, “ஏ, ரங்கதுரை போறாம் பாரு!” என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது மதினி. அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதலில் விளையாட்டுத்தான். ரங்கதுரை வைக்கோல் படப்புக்குத் தீ வைத்த வாரம், கம்பவுண்டர் சிரித்தால் யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை. வசந்தியைத் தோப்புக்கு வரச்சொல்லி ஏமாற்றின வாரம், தவாகானாவுக்குள் நுழையும்போதே எல்லாரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்தப் பையன் வேறு, தெரியாத்தனமாக, மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம், “கசக்கும்மா, பாத்துக்கிடுங்க. நல்லதுக்குத்தான்” என்று சொல்லித் தொலைப்பார். கேட்டுவிட்டு வெளியே வந்து ஒருத்தியை ஒருத்தி பார்ப்போம். அவர்தான் ரங்கதுரை என்று யாரும் நம்பவில்லை, அவ்வளவு மடச்சிகள் இல்லை நாங்கள். ஆனால் வெறுப்பு என்பது பத்திரிகையை மூடினதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிற சாமான் இல்லையே. அது எங்கேயாவது போய் இறங்கத்தானே செய்யும்? அவர் மீது இறங்கிவிட்டது.

அப்போதுதான் அந்த அத்தியாயம் வந்தது. முத்தையாவின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ரங்கதுரை பாசமாக வருகிறான். மருந்துப் பாட்டிலில் விஷத்தைக் கலக்கிறான். ஒரு வேளையில் ஒன்றும் தெரியாதாம், நாலைந்து நாளில் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம். மதினி தண்ணீர் குடித்தாள். உதட்டை ஒற்றினாள். கையில் பாட்டில் இருப்பது போலவே விரலை மடக்கி வெளிச்சத்தில் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். “பயப்படாதீங்க பெரியம்மா... கொஞ்சம் கசக்கும். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.” அந்தக் கிழவி ஆவென்று வாயைத் திறக்கிறாள். தொடரும்.

அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மதினிக்கே நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பத்திரிகையைக் கொடுக்கும்போது அவள் முகம் தீபாவளிக்குப் புதுச்சேலை கட்டினவள் முகமாக இருந்தது.

அதே வாரம் பேச்சியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயது தாண்டின பிள்ளை, வாசிக்கும்போது தாய் மடியில் படுத்து விரல் சூப்பிக்கொண்டிருக்கும். காய்ச்சலோடு வயிற்றாலும் போனது. பேச்சி ஊரில் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். அதனால் இந்தப் பிள்ளை இருமினாலே அவளுக்கு உயிர் போய்விடும். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தவாகானாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், மருந்தோடு வந்தான். ஆனால் பிள்ளைக்குக் குறையவில்லை. நாளுக்கு நாள் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் துணி அலசப் போன நான் பேச்சி வீட்டுச் சாக்கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே போனேன். பாட்டிலில் ஒட்டின காகிதத்தின்படி மருந்து ஒழுங்காகக் குறைந்திருந்தது. பிள்ளை வாடிய கீரைத்தண்டாகத் தோளில் கிடந்தது.

“பேச்சி, மருந்தைக் கீழயா ஊத்துத?”

அவள் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். “கை வரல யக்கா. பாட்டிலைத் தொட்டா அந்தச் சத்தம் கேக்கு. நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தாங்கான். நான் எப்பிடி என் பிள்ள வாயில ஊத்துவேன்? அவுககிட்ட சொல்லிராத, கொன்னுபோடுவாக.”

மதினி வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்படியில் இருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். உங்கள் ரங்கதுரை குரலுக்குப் பயந்து பேச்சி மருந்தைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை போய்விடும் போலிருக்கிறது என்றேன்.

அவள் முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்து போனது. கண் சிமிட்டுகிற நேரம்தான். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு அவள் முகம் சாம்பலாகிப் போனது. அடுப்பைக்கூட அணைக்காமல் எழுந்தாள்.

நாங்கள் போவதற்குள் பேச்சி வீட்டு வாசலில் கூட்டம். கம்பவுண்டர் புதுப் பாட்டிலோடு வந்து நின்றுகொண்டிருந்தார். மருந்து கொடுத்தும் குறையவில்லையே என்று டாக்டர்தான் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெண்கள் வழியை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ள உடம்புல தண்ணி வத்திப்போச்சும்மா. மருந்து உள்ள போகலேன்னா ரெண்டு நாள் தாங்காது. என்னை வஞ்சாலும் பரவால்ல, மருந்தைக் குடுங்க” என்று கெஞ்சினார் அவர்.

“போடா ரங்கதுரை!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“யாரும்மா அது ரங்கதுரை? எம் பேரு அது இல்லியே” என்றார் அந்தப் பையன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். குழாயடியில் ஒதுங்கி நிற்கிறவள், அன்றைக்கு இரண்டு பேரை முழங்கையால் இடித்துத் தள்ளினாள். அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, மடக்கென்று ஒரு வாய் குடித்தாள். கசப்பில் முகம் கோணியது. “பாத்தியா பேச்சி? எனக்கு என்ன ஆயிருச்சு? குடு பிள்ளைக்கு.”

பேச்சி நகரவில்லை. “ஒரு வேளைல ஒண்ணும் தெரியாதுன்னு நீதான மதினி வாசிச்சே? நாலஞ்சு நாளைல கரைச்சுரும்னு நீதான சொன்னே?” என்றாள்.

அப்படி ஒரு பதில் வரும் என்று எழுதியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மதினி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

அப்போது மதினி அந்தக் காரியத்தைச் செய்தாள். பேச்சிக்கு நேர் முன்னால், மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி போய் நின்றாள். செம்பு இல்லை, முந்தானை இல்லை, பத்திரிகை இல்லை. அந்தப் பகல் வெளிச்சத்தில், அந்த முகத்திலிருந்து ரங்கதுரை பேசினான்.

“பதறாதே கண்ணு...”

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. கம்பவுண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“என்னை அங்கன எங்க தேடுத பேச்சி? நான் அந்தப் பையன்கிட்ட இல்ல. இந்தா, இந்தத் தொண்டையிலதான் இருக்கேன். பாரு. நல்லாப் பாரு. உன் மதினி தொண்டையில. வையணும்னா இவளை வையி. நெட்டி முறிக்கணும்னா இவளை முறி. அந்த ஏழைப் பய மருந்துதான் கொண்டுவந்திருக்கான் கண்ணு.”

கேட்கவே காது கூசியது. குரல் ரங்கதுரையுடையது, கண்ணில் தண்ணீர் மதினியுடையது. பேச்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் பிடித்த ஆளைப் பார்க்கிற பார்வை. அப்போது தோளில் கிடந்த பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பியது. வாரா வாரம் மடியில் கிடந்து கேட்ட சத்தமாயிற்றே. மதினியைப் பார்த்து அந்த வெடித்த உதட்டோடு லேசாக இளித்தது.

மதினி பாட்டில் மூடியில் மருந்தை ஊற்றி, அதே குரலில், “வாயைத் தெற கண்ணு... கொஞ்சம் கசக்கும்” என்றாள். பிள்ளை திறந்தது. பேச்சி தடுக்கவில்லை. மருந்து உள்ளே போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, “ஏன் மதினி இப்பிடி வாசிச்சே? ஏன் இப்பிடி வாசிச்சே?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு பிள்ளை வேறு யார் கொடுத்தாலும் மருந்தைத் துப்பியது. ரங்கதுரை வந்து கேட்டால்தான் வாயைத் திறக்கும். வேளா வேளைக்கு மதினி போவாள். ‘கண்ணு’ என்று அவள் ஆரம்பிப்பது அடுத்த வீட்டில் எங்களுக்குக் கேட்கும். யாரும் சிரிக்க மாட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிற்று, கஞ்சி தங்கிற்று, ஒருநாள் காலை எழுந்து நடந்தது. பேச்சி அந்த நாட்கள் முழுவதும் மதினிக்கு வழி விட்டாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்ததையெல்லாம் யாரோ கம்பவுண்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் தவாகானாவுக்குப் போனால் அவருக்கு மீசை இல்லை. மழமழவென்று எடுத்துவிட்டிருந்தார். மேலுதடு மட்டும் வெளுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தார். வகிட்டையும் பக்கவாட்டுக்கு மாற்றியிருந்தார். “கசக்கும்மா” என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் மருந்தை வாங்கிக்கொண்டு நிமிராமல் வந்துவிட்டேன்.

மதினிக்கு அதுதான் தாங்கவில்லை. “ஒரு மனுசன் மூஞ்சியை மாத்த வச்சிட்டேனே” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். வாசிப்பதை நிறுத்தினாள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். பத்திரிகை வந்துகொண்டுதான் இருந்தது. கதை தெரியாமல் எங்களுக்குத் தலை வெடித்தது. என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசித்த லட்சணத்தில் ரங்கதுரை ரேஷன் கடைக்காரன் மாதிரி பேசினான். இரண்டு பேர் சுளகிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். ஒன்று மட்டும் நல்லது நடந்தது, அன்றைக்குச் சோற்றில் ஒரு கல் இல்லை.

ஒரு மத்தியானம் நானும் மதினியும் தனியாக இருந்தோம். அவளே பேச்சை எடுத்தாள்.

“நீ வந்து சொன்னப்ப எனக்கு மொதல்ல சந்தோசமா இருந்துச்சுட்டி. நீ பாத்தே.”

நான் சுளகை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தேன்.

“ஒரு பிள்ள சாகக் கெடக்குன்னு நீ சொல்லுத, நான், அடேயப்பா அம்புட்டு நல்லாவா வாசிச்சிருக்கேன்னு நெனைக்கேன். அப்ப நான் யாரு?”

பேச்சை மாற்றலாம் என்று, “அந்தக் குரலை எங்கன பிடிச்சீக மதினி?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“எங்கனயும் பிடிக்கல. குழாயடியில என் கொடத்தைத் தள்ளுதாளுகள்லா? நான் பேசாம நிக்கேன்லா? அப்ப உள்ள அவன்தான் பேசுவான். ‘பதறாதே கண்ணு, உனக்கு இருக்கு’ன்னு. சின்னப்பிள்ளைல இருந்தே பேசுவான். வெளிய விட மாட்டேன். இந்தக் கதை வந்த பெறகுதான் வாரத்துக்கு ஒரு தடவை கதவைத் தெறந்து விட்டேன். எம்புட்டுச் சொகமா இருந்துச்சு தெரியுமா? எழுதினவரு அவனைப் பேப்பர்ல சும்மா படுக்கத்தான் போட்டிருந்தாரு. உசுரு குடுத்து ரோட்டுல விட்டது நான். அவன் சும்மா போவானா? ஒரு ஏழைப்பட்ட பய மூஞ்சியில போயி உக்காந்துக்கிட்டான்.”

எனக்கு அவளைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அவள் குடத்தைத் தள்ளினவர்களில் நானும் உண்டு என்பது ஞாபகம் வந்து பயந்தேன். அதே சமயம் அவள்மீது எனக்கு அத்தனை பாசம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய பிசகு! வாயில் ஒரு ஆளையே பூட்டி வைத்துக்கொண்டு, ஆயுசுக்கும் அவனை வெளியே விடாமல் நின்றிருக்கிறாள். நல்லவள் என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கதையின் கடைசி அத்தியாயம் வந்தது. முற்றும் என்று போட்டிருப்பதை அண்ணாச்சி வாசலிலேயே சொல்லிவிட்டார். இனியும் பொறுக்க முடியுமா? எல்லாருமாகப் போய் மதினியைப் பிடித்துக்கொண்டோம். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார்த்தினோம். வேண்டாவெறுப்பாக வாங்கினாள். பேச்சியும் வந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தவாகானா மத்தியானம் அடைத்திருக்கிற நேரம், கம்பவுண்டர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வராந்தாப் படியில் வந்து நின்றார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

மதினி வாசித்தாள். நல்லவனையும் கெட்டவனையும் ஒரே தட்டில் வைத்து, செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள். முத்தையாவின் அம்மா பிழைத்துக்கொண்டாள். போலீஸ் வந்தது. ரங்கதுரை தன் கையாலேயே விஷத்தைக் குடித்துவிட்டுத் தரையில் கிடக்கிறான். அந்த அம்மாவைப் பார்த்து என்னமோ கேட்கிறான். மதினி அதையும் அப்படியே ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

“மதினி” என்றாள் பேச்சி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல். “இப்பப் பேசுதது யாரு?”

“ரங்கதுரை.”

“அவன் இப்பிடியா பேசுவான்?”

மதினி குனிந்துகொண்டாள். “வேண்டாம் பேச்சி. நான் அவனை விட மாட்டேன்.”

“எனக்கு இப்பத் தெரியும். மருந்து யாரு கையில, சத்தம் யாரு வாயிலன்னு தெரியும். இனி நான் பயப்பட மாட்டேன். நீ வாசி.”

மதினி படியில் நின்ற கம்பவுண்டரைப் பார்த்தாள். அவர் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, “வாசிங்கம்மா” என்றார். “என்னை எதுக்கு வஞ்சாங்கன்னு எனக்கும் தெரியாண்டாமா?”

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாகக் கூட்டம் சிரித்தது. மதினிக்கும் உதடு நெளிந்தது. யாரோ செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்கள். ஒரு வாய் குடித்தாள். உதட்டை ஒற்றினாள். நாங்கள் சுளகை ஓரமாக வைத்தோம்.

“கண்ணு...” என்றாள்.

பேச்சியின் மடியில் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. தலையை அண்ணாந்து, உள்நாக்குத் தெரிய ஆவென்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

மதினிக்கு அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. பத்திரிகை மடியில் விழுந்தது. ஓவென்று அழுதாள். கம்பவுண்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரங்கதுரை செத்தானா பிழைத்தானா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிள்ளை மூடுகிற வழியாக இல்லை, திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பேச்சி எழுந்து தன் வீட்டுக்கு ஓடினாள். ரேஷனில் வாங்கி, விருந்தாளி வந்தால் ஆகும் என்று டப்பாவில் ஒளித்து வைத்திருந்த சீனியில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, மதினியின் உள்ளங்கையில் கொட்டி, “நீயே போடு” என்றாள்.